இரண்டாவது வாசல்

வாசல் என்றாலே திறந்திருப்பது என்று நமக்கு ஒரு நெனப்பு. 'வாசலைத் தொறந்து விட்டாச்சு, இனிமே உள்ள வர்றது உங்க சாமர்த்தியம்' என்று எழுபது வருசத்துக்கு மேலாக நம்மைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் சொல்கிறார்கள். தலையங்கத்தில் எழுதுகிறார்கள். ஆபீசில் டீ குடிக்கும்போது தோளில் கை போட்டும் சொல்கிறார்கள். நாமும் பல நேரம் அதை நம்பிவிடுகிறோம். ஆனால் வாசலைக் கட்டுகிறவன் அப்படி நினைத்துக் கட்டுவதில்லை. யாரை விடுவது, யாரை நிறுத்துவது, விட்ட மாதிரி விட்டு எந்த இடத்தில் வைத்து அடிப்பது என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறான். இந்தக் கணக்கைக் கல்லில் போட்டு வைத்திருக்கிற ஒரு வாசலைப் போன வருசம் பார்த்தேன். 1850 வருசத்துப் பழசான ரோமானிய வாசல். ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில், ட்ரியர் என்கிற ஊரில் இருக்கிறது. பேரு போர்ட்டா நிக்ரா. லத்தீனில் 'கறுப்பு வாசல்'.

பேங்க் கிளார்க்குக்கு ஜெர்மனியில் என்னா வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்களுக்குத் தரும் பயணச் சலுகையில் கடல் தாண்ட முடியாது. என் அக்கா மகன் லக்சம்பர்க்கில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். எங்கள் சேரியிலிருந்து அவ்வளவு தூரம் போன முதல் ஆள். 'மாமா, ஒரு தடவ வந்துட்டுப் போங்க' என்று டிக்கெட் எடுத்து அனுப்பினான். அங்கிருந்து ட்ரியருக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஸ்டேசனில் இறங்கிப் பத்து நிமிசம் நடந்தால் வாசல் முன்னால் நிற்கலாம்.

நம்ம ஊர்ப் பயணக் கட்டுரைகளில் இந்த மாதிரி இடங்களுக்கென்றே சில சொற்களை வைத்திருக்கிறார்கள். 'கம்பீரம்', 'பிரமிப்பு', 'காலத்தை வென்ற கலை'. அந்தச் சொற்களை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். மதிலுக்கு வெளியே வைக்கப்பட்ட சனங்களின் பிள்ளை ஒருவன் ஒரு வாசலைப் பார்த்தால் அவனுக்கு வேறு சில விசயங்கள் கண்ணில் படும். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முதலில் கட்டடம். 30 மீட்டர் உயரம், 36 மீட்டர் அகலம், 21 மீட்டருக்கு மேல் ஆழம். மணற்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து கிடையாது. இரும்புக் கொக்கியைச் செருகி, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். பெரிய கற்கள் ஆறு டன் வரை எடை. இரண்டு பக்கமும் அரைவட்டமாக முன்னால் துருத்திய கோபுரங்கள். நடுவில் வளைவு வைத்த இரண்டு வழிகள். இந்தக் கட்டுமானத்தைச் சேர்ந்த மரத்துண்டின் வளையங்களை எண்ணிப் பார்த்து, அந்த மரம் கி.பி. 169க்கும் 170க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் வெட்டப்பட்டது என்று 2018இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆக, வாசல் எழும்பிய காலம் தெளிவாகிவிட்டது.

கல்லின் நிறம் கறுப்பு இல்லை. வெளுத்த கல்தான். மழையிலும் புகையிலும் அழுக்கேறிக் கறுத்துப்போச்சு. கறுத்த பிறகு வந்தவர்கள் கறுப்பு வாசல் என்று பேர் வைத்துவிட்டார்கள். கட்டியபோது இருந்த பேர் காணாமலே போய்விட்டது. மேலே படிந்த அழுக்கை வைத்துப் பேர் சூட்டுவதும், அப்புறம் அதுதான் பிறவிப் பேர் என்று சாதிப்பதும் நமக்குப் புதுசா என்ன?

கற்களில் அங்கங்கே எழுத்து வெட்டியிருக்கிறது. அரசன் பேரோ கடவுள் பேரோ இல்லை. கல் உடைத்த ஆட்கள் தங்கள் வேலைக் கணக்குக்காக வெட்டிய குறிகள். ஒரு பேரின் முதல் சில எழுத்துகள் மட்டும். நம்ம பக்கம் கோயில் கட்டியவன் யாரென்று கேட்டால் ராஜா பேரைச் சொல்வார்கள். கல் சுமந்தவன் பேரைக் கல்வெட்டில் தேடினால் கிடைக்காது. இங்கே அரைகுறையாகவாவது, கூலிக் கணக்கில் ஒட்டிக்கொண்டாவது, அவன் பேர் பிழைத்திருக்கிறது. அந்தக் குறிகளின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன்.

அப்போது ரோமாபுரியை ஆண்டவன் மார்க்கஸ் அவ்ரேலியஸ். தத்துவ அரசன் என்று படித்தவர்கள் கொண்டாடும் ஆள். அவன் எழுதிய 'தியானங்கள்' இன்றைக்கும் மேனேஜ்மெண்ட் படிக்கும் பிள்ளைகள் கையில் இருக்கிறது. அவன் சார்ந்த ஸ்டோயிக் தத்துவம், உலகமே ஒரு நகரம், மனுசர்கள் எல்லாரும் அதன் குடிகள் என்று பேசியது. பேச்சு ஒரு பக்கம். அவன் ஆட்சியில் எழும்பிய வாசல் இன்னொரு பக்கம். அத்வைதம் பேசிக்கொண்டே தெருவைப் பிரித்து வைத்த தேசத்திலிருந்து போன எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

அந்த ஊர் மண் ட்ரெவரி என்கிற பழங்குடி மக்களுடையது. அவர்கள் பேரைத்தான் ரோமானியர்கள் நகரத்துக்கும் வைத்தார்கள்: அகஸ்டா ட்ரெவரோரும். முதல் சொல் அரசன் பேர், அடுத்தது தோற்றவன் பேர். அந்தச் சனங்கள் சும்மா இருக்கவில்லை. கி.பி. 69-70இல் ரோமாபுரிக்கு எதிராகக் கிளம்பினார்கள். அடக்கப்பட்டார்கள். அடக்கி நூறு வருசம் கழித்து அதே இடத்தில் 6 கிலோமீட்டருக்கு மேல் மதில் எழுப்பி, இந்த வாசலை வைத்தார்கள். எதிரியைத் தடுக்க என்று சொல்லலாம். யார் சொந்தக்காரன் என்று உள்ளூர் ஆளுக்கு நெனப்பூட்ட என்றும் சொல்லலாம். வாசலுக்கு வெளியே வடக்கே ஊரின் இடுகாடு. ரோமானியச் சட்டப்படி பிணத்தை ஊருக்குள் புதைக்கக்கூடாது. மதிலுக்கு உள்ளே எது, வெளியே எது என்கிற பிரிப்பு அங்கேயும் சாவு வரைக்கும் போயிருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இந்த வாசல் ஒரு வாசல் இல்லை. இரண்டு. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. நடுவில் கூரையில்லாத ஒரு முற்றம். முற்றத்தின் நாலு பக்கமும் உயரமான சுவர். சுவரின் மேல்மாடிகளில் வரிசையாக சன்னல்கள். வெளிவாசலில் மேலிருந்து சடாரென்று கீழே இறக்கும் கதவு வைப்பதுபோல் அமைப்பு. எதிரி வெளிவாசலை உடைத்துக்கொண்டு வருகிறான் என்று வையுங்கள். வந்துட்டோம், ஊருக்குள்ள நுழைஞ்சிட்டோம் என்று சத்தம் போடுவான். அவன் நுழைந்தது ஊருக்குள் இல்லை. முற்றத்துக்குள். முன்னால் இரண்டாவது வாசல் மூடியிருக்கும். பின்னால் கதவு விழும். மேலே நாலு பக்கச் சன்னல்களிலிருந்தும் அடி விழும். வெளியே நிற்பதைவிட ஆபத்தான இடம் அந்த முற்றம்தான்.

அந்த முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். சதுரமாக ஒரு துண்டு வானம். சுற்றிலும் சன்னல்கள். எனக்கு அந்த இடம் நல்லாத் தெரிஞ்ச இடமாக இருந்தது. பதினோரு வருசமாக நான் வேலை பார்க்கிற இடம் அது.

நம்மில் ஒருவன் வேலைக்குப் போகிறான் என்றால் அது முதல் வாசல். சும்மா திறந்ததில்லை. பாபாசாகேப் அம்பேத்கரும், பேர் தெரியாத ஆயிரம் ஆயிரம் பேரும் முட்டி மோதித் திறந்தது. அதைக் கேவலமாகப் பேசுகிற யாரையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நுழைந்த அன்றைக்கே சன்னல்கள் திறந்துகொள்ளும். 'கோட்டாவா?' என்று ஒரு சன்னல். 'நீங்க எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?' என்று இன்னொன்று. கவுண்டரில் கேஷ் பத்து ரூபாய் குறைந்தால் மத்தவனுக்கு அது கவனக்குறைவு, நமக்கு அது பிறவிக் குணம். கவிதை எழுதுகிறேன் என்று தெரிந்தபோது ஒரு மேலதிகாரி ரொம்ப அன்பாக, 'பரவால்லையே, உங்க ஆளுங்கள்லாம் எழுத ஆரம்பிச்சிட்டீங்க' என்றார். அவர் பாராட்டியதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பார். பதவி உயர்வு நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நம் விடையைக் கேட்கும் முன்னாலேயே ஒரு முகம் இருக்கும். அது இரண்டாவது வாசல்.

இதை என் சொந்தப் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டத்திலேயே இந்த முற்றம் இருக்கிறது. பதவி உயர்வில் இடஒதுக்கீடு கூடாது என்று 1992இல் மண்டல் வழக்குத் தீர்ப்பு வந்தது. அதைச் சரிக்கட்ட 1995இல் அரசியல் சட்டத்தின் 77ஆவது திருத்தம். அதைச் செல்லும் என்று சொன்ன 2006 நாகராஜ் தீர்ப்பு, புள்ளிவிவரம் காட்டு, பிரதிநிதித்துவம் குறைவு என்று நிரூபி என்று நிபந்தனை போட்டது. வங்கிகள் கதை இன்னும் விசேசம். அதிகாரிகளின் முதல் நிலையிலிருந்து ஆறாம் நிலை வரைக்கும் பதவி உயர்வில் ஒதுக்கீடு உண்டு என்கிற மாதிரி 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்வீட் வாங்கிக் கொடுத்தோம். 2016 ஜனவரியில், அந்தப் பகுதி பிழையாக எழுதப்பட்டுவிட்டது என்று அதே நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. மேலிருந்து கதவு இறங்கும் என்று சொன்னேனே, இப்படித்தான் இறங்கும். சத்தமே வராது.

ரோமாபுரியும் இதே வித்தையைச் சட்டத்தில் செய்து பார்த்த தேசம்தான். வாசல் கட்டி நாற்பது வருசம் கழித்து, கி.பி. 212இல், காரகல்லா என்கிற பேரரசன் ஓர் ஆணை போட்டான். பேரரசில் அடிமையாக இல்லாத எல்லாருக்கும் ரோமானியக் குடியுரிமை. ட்ரெவரி மனுசனும் இனி ரோமானியன். எவ்வளவு பெரிய வாசல்! ஆனால் அதற்குள் சட்டத்தில் வேறொரு பிரிவு ஊன்றிவிட்டது. 'ஹொனஸ்டியோரஸ்' என்றால் கண்ணியமானவர்கள். செனட்டர், படைத் தலைவன், ஊர்ப் பெரியமனுசன். 'ஹுமிலியோரஸ்' என்றால் தாழ்ந்தவர்கள், மிச்சம் எல்லாரும். இரண்டு பேரும் குடிமக்கள்தான். ஒரே குற்றத்துக்குக் கண்ணியமானவனை நாடு கடத்துவார்கள். தாழ்ந்தவனைச் சவுக்கால் அடிப்பார்கள், சுரங்கத்துக்கு அனுப்புவார்கள், மிருகத்தின் முன்னால் தள்ளுவார்கள். குடியுரிமை என்கிற முதல் வாசல் எல்லாருக்கும் திறந்த நேரத்தில் குடியுரிமைக்கே மதிப்பில்லாமல் போயிருந்தது. மதிப்பெல்லாம் இரண்டாவது வாசலுக்கு உள்ளே குடிபோய்விட்டது. நம்ம பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குள் போன பிறகு பெரிய சாதிப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அரசு வேலையில் நாம் கால் வைத்த பிறகு வேலையெல்லாம் எங்கே போனது என்றும் யோசியுங்கள்.

கறுப்பு வாசல் இன்றைக்கு நிற்பதற்கு ஒரு சாமியார் காரணம். சிமியோன் என்று ஒரு கிரேக்கத் துறவி. பதினோராம் நூற்றாண்டில் கிழக்குக் கோபுரத்தில் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்தார். 1035இல் செத்துப்போனார். உடனே புனிதர் ஆக்கினார்கள். வாசலையே மாதா கோயிலாக மாற்றினார்கள். ஊரின் மற்ற வாசல்களையெல்லாம் கல்லுக்காக இடித்துக் கொண்டுபோனபோது இது மட்டும் தப்பியது அதனால்தான். அந்தக் கோயிலை எப்படிக் கட்டினார்கள் தெரியுமா? ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோயில். கீழ்க் கோயில் பொதுச் சனங்களுக்கு. மேல் கோயில் குருமார்களுக்கு. ஒரே கட்டடம், ஒரே சாமி, வேற வேற மாடி. கல்லறையிலும் தடுப்புச் சுவர் வைத்த கிறிஸ்தவத்தை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். அங்கே அதைச் சாதி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் 1802இல் மடத்தைக் கலைத்தார்கள். 1804இல் நெப்போலியன் வந்து பார்த்து, கோயிலைப் பிரித்துவிட்டு ரோமானிய வாசலை வெளியே கொண்டுவரச் சொன்னான். அவனுக்கும் ஒரு பேரரசு தேவைப்பட்டது, பழைய பேரரசின் வாசல் அதற்குத் தோதாக இருந்தது.

அதே ஊரில் இன்னொரு வாசலும் பார்த்தேன். சுற்றுலாக்காரர்கள் அவ்வளவாகப் போட்டோ எடுக்காத வாசல். சந்தைச் சதுக்கத்திலிருந்து ஒரு குறுகலான சந்து பிரிகிறது. யூதத் தெரு. அதன் முகப்பில் தாழ்வான ஒரு வளைவு. யூத வாசல் என்று பேர். இடைக்காலத்தில் அந்த ஊர் யூதர்களின் குடியிருப்பு அதற்குள் இருந்தது. 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல் வந்தபோது மதம் மாறு, இல்லாவிட்டால் சாவு என்று அவர்களை நெருக்கினார்கள். 1349இல் கொள்ளை நோய்க்கு அவர்கள்தான் காரணம் என்று சொல்லி அடித்தார்கள். 1418இல் மொத்தமாக வெளியேற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டில் நடந்தது உலகத்துக்கே தெரியும். இன்றைக்கு அந்த ஊர்த் தெருக்களில் நடந்தால் காலடியில் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் தட்டுப்படும். இன்னார் இங்கே வாழ்ந்தார், இன்ன வருசம் கொண்டுபோகப்பட்டார், இன்ன இடத்தில் கொல்லப்பட்டார் என்று ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பேர். பெரிய வாசலைப் பார்க்க அண்ணாந்து நிற்க வேண்டும். இதைப் படிக்கக் குனிய வேண்டும். கீழ்வெண்மணியில் 1968இல் எரிக்கப்பட்ட 44 பேருக்கு இருப்பதுபோல நினைவிடம் நம் சாவுகள் எல்லாவற்றுக்கும் இல்லை. செத்தவர் வீட்டு வாசலில் பேர் பதிப்பதை நாம் யோசிக்கலாம்.

அந்த யூத வாசலுக்கும் கறுப்பு வாசலுக்கும் நடுவில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. நம்ம தோழர்கள் எல்லாருக்கும் தெரிந்த குடும்பம். கார்ல் மார்க்ஸ் 1818 மே 5இல் பிறந்தது இந்த ஊரில்தான். அவருக்கு ஒரு வயசாகும்போது குடும்பம் சிமியோன் தெருவுக்குக் குடிவந்தது. 1835இல் பான் நகரத்துக்குப் படிக்கப் போகும் வரைக்கும் மார்க்ஸ் வளர்ந்தது அந்த வீட்டில். வாசற்படியில் வந்து நின்றால் கறுப்பு வாசல் கூப்பிடு தூரம்.

மார்க்சின் தாத்தா ட்ரியரில் யூத குரு. பெரியப்பாவும் குரு. அப்பா பேர் ஹெர்ஷல். வக்கீல். 1815இல் அந்தப் பகுதி பிரஷ்ய ஆட்சிக்குப் போனது. யூதன் வக்கீல் வேலை பார்க்கக்கூடாது என்று வந்தது. வேலையா, வேதமா? அவர் புராட்டஸ்டண்ட் ஆனார். ஹெர்ஷல், ஹைன்ரிஷ் ஆனார். 1824இல் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அதாவது அவரை முற்றத்திலிருந்து உள்ளே விட்டார்கள், பேரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லி. 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் மதம் மாறியதும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்கலாம். ஒன்றில்லை. ஹைன்ரிஷ் மார்க்ஸ் உள்ளே போவதற்காக மாறினார், தனி ஆளாக, தலையைக் குனிந்துகொண்டு. அம்பேத்கர் லட்சக்கணக்கான சனங்களோடு அந்தக் கட்டடத்தை விட்டே வெளியே நடந்தார்.

அந்த வீட்டுப் பிள்ளைக்கு வாசல், மதில், முற்றம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. ஆனாலும் 1853இல் இந்தியாவைப் பற்றி எழுதும்போது, ரயில் வரும், நவீனத் தொழில் வரும், சாதி நிற்கிற பரம்பரைத் தொழில் பிரிவினை கரைந்துபோகும் என்று மார்க்ஸ் எதிர்பார்த்தார். ரயில் வந்தது. சாதியும் டிக்கெட் எடுத்து ஏறிக்கொண்டது. அவர் லண்டனில் உட்கார்ந்து எழுதியவர், அவரை நான் குறை சொல்லவில்லை. இங்கேயே பிறந்து, சேரியைத் தாண்டித் தினம் சைக்கிள் விட்டுப் போன நம்ம தோழர்கள், வர்க்கம் என்கிற வெளிவாசல் திறந்தால் சாதி என்கிற உள்வாசல் தானாகத் திறக்கும் என்று இத்தனை வருசம் சொன்னதைத்தான் சொல்கிறேன். 2018இல் மார்க்சின் 200ஆவது பிறந்த நாளுக்குச் சீனா ஒரு பெரிய வெண்கலச் சிலையை அந்த ஊருக்குக் கொடுத்தது. பீடத்தோடு சேர்த்து ஐந்தரை மீட்டர். கறுப்பு வாசலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அக்கா மகன் என்னை அதன் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்தான். 'மாமா, அம்பேத்கர் சிலைன்னா நம்ம ஊர்ல கூண்டு போட்டிருப்பாங்க இல்ல?' என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

மறுபடி அந்தக் கல்லுக்கு வருகிறேன். கற்களைப் பிணைத்த இரும்புக் கொக்கிகளைச் சொன்னேனே, அவை இப்போது பெரும்பாலும் இல்லை. இடைக்காலத்தில் இரும்புக்கும் ஈயத்துக்கும் ஆசைப்பட்டுத் தோண்டி எடுத்துவிட்டார்கள். சுவரெங்கும் அந்தக் குழிகள் தெரிகின்றன, அம்மைத் தழும்பு மாதிரி. ஆனால் சுவர் விழவில்லை. கல்லின் கனத்திலேயே கல் நிற்கிறது. தீண்டாமையை ஒழித்துவிட்டோம் என்று அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு 1950இல் இரும்பைப் பிடுங்கியது. பெரிய காரியம்தான். சாதி தன் கனத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. சொத்து ஒரு கல். கல்யாணம் ஒரு கல். வீட்டு வாடகைக்கு முன்னால் கேட்கிற 'நீங்க என்ன ஆளுங்க?' ஒரு கல். இதில் எதையும் எந்தச் சட்டமும் பிணைத்து வைக்கவில்லை. பிணைக்கத் தேவையும் இல்லை.

அப்படியானால் அந்தக் கறுப்பு வாசல் இன்று யாரையும் தடுக்காமல் நிற்கிறதே, எப்படி? ஒரு ராணுவ வாசல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சும்மா சுற்றிவரும் இடமாக ஆனது எப்படி? கதவைத் திறந்துவிட்டதால் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டிருந்த மதில் போய்விட்டது. ஆறு கிலோமீட்டர் மதிலில் இன்று மிச்சம் சில துண்டுகள்தான். வாசலுக்குப் பக்கத்திலேயே சாலை போகிறது. உள்ளே போக விரும்பாதவன் பக்கவாட்டில் நடந்து போய்விடலாம். மதில் இல்லாத இடத்தில் வாசலால் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது.

நம் போராட்டங்களை இந்தக் கண்ணோடு ஒரு தடவை பார்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த தீண்டாமைச் சுவரை 2008 மே 6இல் உடைத்தார்கள். முழுச் சுவரையும் இல்லை. ஆள் நடக்க, வண்டி போக ஒரு திறப்பு. அதாவது மதிலுக்கு ஒரு வாசல் வைத்துக் கொடுத்தார்கள். அதற்காக ரத்தம் சிந்திய சனங்களைக் குறைத்துப் பேசவில்லை. அரசாங்கத்தின் கை எங்கே நின்றது என்பதைப் பாருங்கள் என்கிறேன். வாசல் கேட்டால் வாசல் கொடுப்பார்கள். மதிலில் கை வைத்தால்தான் துப்பாக்கி வரும்.

'சாதி செங்கல் மதிலா, கடப்பாரையால் இடிக்க?' என்று ஒருவர் கேட்கலாம். 1936இல் அம்பேத்கரே அதைச் சொல்லிவிட்டார். சாதி கல்லும் மண்ணும் இல்லை, மனதில் இருக்கிற ஒரு கருத்து, அதற்குப் புனிதம் கொடுக்கிற நூல்களை விட்டுவிட்டுச் சாதியை மட்டும் தொட முடியாது என்பது அவர் வாதம். அந்தப் பேச்சைப் பேச அழைத்தவர்களே அவரைப் பேச விடவில்லை. அவர் கேட்டது வாசல் இல்லை, மதில். ஒரு வாசலைக் கேட்டிருந்தால் மாலை போட்டு மேடையேற்றியிருப்பார்கள்.

நமக்குள்ளேயும் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. முற்றம் வரைக்கும் வந்த நாம், நமக்குப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்து என்ன செய்கிறோம்? 2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்தபோது நம் பக்கத்திலிருந்தே முணுமுணுப்பு வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னபோதும் வந்தது. நம்மைப் பிரிக்கப் பார்க்கிறான் என்கிற பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் கிளையில் காலையில் ஷட்டரைத் தூக்கி, நாங்கள் வருவதற்கு முன்னால் தரையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போகிற அம்மாவுக்கு அது பதில் ஆகாது. அந்த வாசலைத் தினம் திறக்கிறது அவர். அதன் வழியாகச் சம்பளத்துக்கு வருகிறது நாங்கள். அவர் பிள்ளை கவுண்டருக்குள் உட்காரும் நாளைத் தள்ளிப்போடுகிற எந்த ஒற்றுமையும் எனக்கு வேண்டாம். முற்றத்தில் நிற்கிறவன் மேலே சன்னலில் நிற்கிறவனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கக்கூடாது.

வேலையை விட்டுவிட்டு வெளியே வந்துவிடு என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. முற்றமும் நம் முன்னோர் உயிரைக் கொடுத்து வாங்கிய இடம். அங்கிருந்துதான் சுவரின் உள்பக்கம் தெரியும். எந்தக் கல்லின்மேல் எந்தக் கல் உட்கார்ந்திருக்கிறது, எதை உருவினால் எது சரியும் என்பது வெளியே நிற்கிறவனைவிட உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு நல்லாத் தெரியும். அந்த அறிவைச் சேகரிக்க வேண்டியது படித்து வேலைக்குப் போன நம் பொறுப்பு. எந்த அலுவலகத்தில், எந்தப் படியில் நம் ஆட்கள் நின்றுபோகிறார்கள், எந்த நேர்காணலில் எத்தனை பேர் கழிக்கப்படுகிறார்கள் என்று ஊர் ஊராக எழுதி வைப்போம். அந்தக் கல்தச்சன் தன் குறியை வெட்டி வைத்த மாதிரி. கூலிக் கணக்காகத்தான் வெட்டினான். 1850 வருசம் கழித்து அதுதான் சாட்சியாக நிற்கிறது.

இனி யாராவது, 'வாசலைத் தொறந்தாச்சே, இன்னும் என்னப்பா?' என்று கேட்டால் கோபப்பட்டுக் கத்த வேண்டாம். நிதானமாகத் திருப்பிக் கேளுங்கள். இது எத்தனையாவது வாசல்? அடுத்த வாசலின் சாவி யார் கையில் இருக்கு? இந்த மதில் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?